பெருநகரத்தின் நெடுந்திட்டமும் நம் ஏரியும் தறியும்

சென்னைப் பெருநகரப் பகுதி என்று சட்டம் குறிப்பிடும் நிலப்பரப்பு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் வரை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அம்மாதத்தில் அரசாங்கம் பிறப்பித்த ஆணையின்படி அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுற்றது. நமக்குப் பழக்கமான ஏக்கர்க் கணக்கில் கூறுவதாயின், ஏறத்தாழ 2,94,000 ஏக்கராக இருந்தது 14,59,000 ஏக்கர் ஆயிற்று. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் பல பகுதிகளும், இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணம் பக்கத்து ஊர்களும் இதனுள் அடங்கின. நெல் விளைப்போரும், கீரையும் மல்லிகையும் பயிரிடுவோரும், பட்டும் பருத்தியும் நெய்வோரும் ஆகிய கூட்டுறவு உறுப்பினர் பலர் வாழும் ஊர்கள் இவை.

ஆணை வெளிவந்த நாளில் எவருடைய வரப்பும் ஓர் அங்குலம் நகரவில்லை. எந்தத் தறியும் ஓய்ந்துவிடவில்லை. ஆகவே, "இது அதிகாரிகளின் விவகாரம், நமக்கென்ன?" என்று உறுப்பினர் சிலர் எண்ணுவது இயல்பே. ஆயினும், இத்தகைய எல்லைக்குள் வந்துவிட்ட நிலத்தின் எதிர்காலம் அதை உழுகிறவன் கையில் மட்டும் இருப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு என்று வரையப்படும் ஒரு படத்தில் அந்நிலத்துக்கு என்ன வண்ணம் தீட்டப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அங்கு என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பது முடிவாகும். அந்தப் படம் எவ்வாறு வரையப்படுகிறது, அதில் நம்மவர் பொருள்கள் எவ்வாறு விடுபட்டுப் போகின்றன என்பதையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டில் உருவானது. அதற்கு முன் 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டமே நடைமுறையில் இருந்தது. பழைய சட்டம் பெரும்பாலும் ஒரு நகரத்தின் ஒரு பகுதியை, ஒரு பேட்டையை, சில தெருக்களை ஒழுங்கு செய்வதோடு நின்றது. புதிய சட்டமோ நகரத்தையும் அதைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தையும் சேர்த்துப் பார்க்க வழி செய்தது. மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், புதுநகர் வளர்ச்சித் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என நான்கு வகைகளை அது வகுத்தது. மண்டலத் திட்டம் பல வட்டங்களைத் தழுவியது; சாலை, நீர், தொழில், வேளாண்மை ஆகியவை எங்கெங்கு அமைய வேண்டும் என்று பொதுவாகக் காட்டுவது. முழுமைத் திட்டம் அதனினும் நுண்ணியது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டை விதிப்பது. விரிவான வளர்ச்சித் திட்டம் ஒரு சிறு பகுதிக்குள் தெரு அகலம் வரை இறங்கிச் செல்வது.

முழுமைத் திட்டத்தின் உயிர்நாடி நிலப் பயன்பாட்டு வரைபடம். குடியிருப்பு, வணிகம், தொழில், பொது நிறுவனங்கள், திறந்த வெளி, வேளாண்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் உண்டு. மஞ்சளும் பச்சையும் நீலமும் தீட்டிய இப்படத்தைப் பார்ப்போர்க்கு அது ஓர் அழகிய கோலம் போல் தோன்றலாம். ஆனால் வேளாண்மைக்குரிய வண்ணம் பெற்ற நிலத்தில் மனைப் பிரிவு போடுவதற்கு வரைபடத்தையே மாற்றக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். குடியிருப்பு வண்ணம் பெற்ற நிலத்தில் அத்தடை இல்லை. ஆகவே வண்ணம் மாறும்போது விலையும் மாறுகிறது. விலை மாறும்போது அந்நிலத்தைச் சுற்றியுள்ள மனிதர்களின் எண்ணமும் மாறுகிறது. நிலத்துக்கு உரிமையாளர் ஒருவராகவும் குத்தகைக்கு உழுபவர் வேறொருவராகவும் இருக்கும் இடங்களில், விலையேற்றத்தின் பயன் முன்னவர்க்கும் அதன் இழப்பு பின்னவர்க்கும் போய்ச் சேர்கிறது.

நகரம் வளரலாகாது என்று நாம் வாதிக்கவில்லை. அவ்வாறு வாதித்தால் நம் புடவையை வாங்குவோர் யார், நம் காய்கறியை உண்போர் யார் என்ற கேள்வி எழும். உண்மையில் சென்னை நகரமே துணியினால் பிறந்தது. 1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர்கள் இக்கடற்கரையில் இடம் பெற்றதற்குத் தலையாய காரணம் இப்பகுதியின் பருத்தித் துணி. அத்துணியைத் தடையின்றிப் பெறுவதற்காக, 1734-ஆம் ஆண்டில், மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்த காலத்தில், கூவம் ஆற்றின் வளைவில் நூற்போரையும் நெய்வோரையும் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தனர். அதுவே சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவியது என்று பெயர்க்காரணம் கூறுவர். அந்நாளைய கம்பெனியாருக்கு நெசவாளர்பால் இருந்த பரிவு அவர்களுடைய இலாபக் கணக்கோடு முடிந்துவிடும் பரிவுதான் என்பதை நாம் அறிவோம். இருப்பினும், தறிக்கு என்று இடம் ஒதுக்கித் தெரு வகுத்த ஒரு நகரமைப்பு இந்நகரத்தின் தொடக்க காலத்திலேயே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று அப்பேட்டையில் தறியின் ஓசையைத் தேடினால் கிடைக்காது.

நிற்க. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1972-இல் அமைக்கப்பெற்று 1974-இல் சட்டபூர்வமான நிலையை அடைந்தது. அதன் முதல் முழுமைத் திட்டம் 1976-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. நகரத்தின் நெரிசலை நடுவில் திணிக்காமல், வெளியே செல்லும் பெருஞ்சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் ஒட்டிப் பரப்புவதும், தொலைவில் துணைநகரங்களை எழுப்புவதும் அதன் நோக்கங்களாக இருந்தன. மறைமலைநகர், மணலி புதுநகர் முதலியன அவ்வெண்ணத்தின் விளைவுகள். டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில் 1947-இல் இதையொத்த ஒரு திட்டம் வரைந்தனர். நகரம் உள்ளங்கை, இருப்புப் பாதைகளை ஒட்டி வளரும் குடியிருப்புகள் ஐந்து விரல்கள், விரல்களுக்கு இடையே உள்ள வெளி விளைநிலமும் சோலையுமாக என்றும் நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. அங்கே இடைவெளியைக் காப்பதே திட்டத்தின் சாரம் என்று கருதினர். இங்கே விரல்கள் நீண்டன. இடைவெளியைக் காக்கும் உறுதி அந்த அளவுக்கு இருக்கவில்லை.

திட்டம் ஒன்றை எண்ண, நகரம் வேறொன்றைச் செய்வதும் உண்டு. மறைமலைநகரில் எதிர்பார்த்த வேகத்தில் மக்கள் குடியேறவில்லை. மாறாக, 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின், கணினித் தொழில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டித் தெற்கே விரைந்து பரவியது. அச்சாலைக்கு மேற்கே கிடப்பது பள்ளிக்கரணைக் கழுவெளி. மழைக்காலத்தில் பல ஏரிகளின் உபரி நீரை வாங்கிக் கொண்டு, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும் பெருந்தாழ்நிலம் அது. விளைச்சல் இல்லாத நிலம் என்பதால் அதனை வீண் நிலமாகவே நெடுங்காலம் மதித்தனர். பெருங்குடியில் நகரத்துக் குப்பையைக் கொட்டியதும் அதன் மீதுதான். அதன் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதற்குள் கழுவெளியின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பெயரற்ற இடம் என்றும், வெற்றிடம் என்றும் ஒரு முறை படத்தில் பதிவாகிவிட்டால், அதன் உண்மையான பணியை உணர்ந்து திருத்துவதற்குள் அரை நூற்றாண்டு கழிந்துவிடுகிறது.

இதனை நம் ஏரிகளின் கதையில் இன்னும் தெளிவாகக் காணலாம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைப்பதுண்டு. வற்றாத ஆறு இல்லாத இந்நாட்டில், வடகிழக்குப் பருவமழையின் சில வாரத்து வெள்ளத்தைத் தேக்கி ஆண்டு முழுதும் பயிர் செய்யும் பொருட்டு நம் முன்னோர் ஆயிரக்கணக்கான ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தனர். மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் போக்குக்கால் வழியே கீழ் ஏரிக்கு வரத்து நீராகும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. அவற்றில் ஊர்ச்சபையின் வாரியங்களுள் ஏரி வாரியம் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. கூடிச் செய்யும் முறை நமக்குப் புதிதன்று.

ஓர் ஏரி எவ்வாறு அழிகிறது? யாரோ ஒருவர் இரவோடு இரவாக மண்ணைக் கொட்டி மூடுவதனால் அன்று. முதலில் அழிவது ஆயக்கட்டு. ஏரிக்குக் கீழே நூறு ஏக்கர் பாசனம் இருந்தால், அந்த நூறு ஏக்கர் உழவர்களும் மதகைப் பார்ப்பார்கள். நீர்க்கட்டிக்குக் கூலி அளப்பார்கள். வரத்துக்காலைத் தூர் எடுப்பார்கள். கரையில் கசிவு கண்டால் ஊரைக் கூட்டுவார்கள். ஆயக்கட்டில் பாதி மனையாக மாறிய நாளில் இந்தக் காவலும் பாதியாகிறது. மீதியும் மாறியபின் ஏரிக்கு உரியவர் எவருமில்லை. புதிதாக வீடு கட்டியவருக்கு ஏரி நிரம்புவது பயன் அன்று, அச்சம். கலங்கல் மட்டத்தை இடித்துத் தாழ்த்துமாறு அவரே மனு எழுதுவார். போக்குக்கால் எவர் கண்ணிலும் படாத ஒற்றையடிப் பள்ளமாகிறது. அதன்மீது சாலை வருகிறது. சாலைக்குக் கீழே ஒரு சிறு குழாய் வைக்கப்படுகிறது. பத்து ஆண்டு மழை குறைவாக இருந்தால் அக்குழாயே போதும் என்று எல்லாரும் எண்ணிக்கொள்வர்.

பதினோராம் ஆண்டில் மழை வருகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் நிகழ்ந்தது அதுவே. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதைப் பற்றியே அன்றும் பின்னும் பெரிதும் பேசினர். அடையாற்றில் ஓடிய வெள்ளம் அந்த ஒரு மதகின் நீர் மட்டும் அன்று. ஆதனூர் முதலிய மேல்நிலத்து ஏரிகளின் நீரும், மனைகளாகிவிட்ட ஆயக்கட்டுகளில் தங்க இடமின்றி ஓடிவந்த நீரும் அதிற் சேர்ந்தன. முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் மாடிவரை நீர் ஏறியது. முன்பு நீர் பரவி நிற்பதற்கென்றே இருந்த தாழ்நிலத்தில் வீடுகள் எழுந்திருந்தன. விற்றவர் போய்விட்டார், வாங்கியவர் தண்ணீரில் நின்றார்.

நகரத்துக்குள் இக்கதை இன்னும் பழையது. 1920-களில் தியாகராயநகர் எழுந்தது மாம்பலத்து நெடிய ஏரியின் படுகையில். நுங்கம்பாக்கத்து ஏரியின் இடத்தில் வள்ளுவர் கோட்டமும் குடியிருப்புகளும் நிற்கின்றன. அவற்றைக் குறை கூறுவதில் இனிப் பயனில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பதினோரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில் அதே பாடம் மறுபடியும் படிக்கப்பட வேண்டுமா என்பதே கேள்வி. ஏரியின் நீர்ப்பரப்பைப் படத்தில் நீல வண்ணமாகக் காட்டிவிட்டு, அதன் ஆயக்கட்டை மஞ்சளாகத் தீட்டும் திட்டம் ஏரியைக் காத்ததாகாது என்பது நம் துணிபு. நீர்ப்பரப்பு, வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால், ஆயக்கட்டு ஆகிய ஐந்தும் ஓர் உடம்பின் உறுப்புகள்.

2007-ஆம் ஆண்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டதை உறுப்பினர்கள் அறிந்திருக்கலாம். அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்காக எழுதப்பட்டது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலே உள்ளவை. எண்ணிக்கையில் மிகுந்தவையும், எளிதில் மறைந்துபோகக் கூடியவையும் இச்சிற்றேரிகளே.

நகரத்தின் நாவறட்சியும் நம்மைத் தொடாமல் இல்லை. புழல் ஏரியை 1872-ஆம் ஆண்டளவில் நகரக் குடிநீருக்கென ஆக்கினர். 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிவுற்றது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி பாசன ஏரியாகவே பிறந்தது. நகரம் வளர வளரக் குடிநீர் ஏரியாயிற்று. ஆந்திர அரசாங்கத்துடன் 1983-இல் செய்த உடன்படிக்கையின்படி கிருஷ்ணா நீர் 1996-இல் வந்து சேர்ந்தது. 2010 முதல் மீஞ்சூரிலும், 2013 முதல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இத்தனைக்குப் பிறகும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது.

இவற்றோடு, ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் படுகையிலும் ஆழ்கிணறுகள் அமைத்து நீர் இறைத்தனர். மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீர் தாழ்ந்த இடத்தைக் கடல்நீர் உள்ளே புகுந்து பிடித்துக்கொண்டது; பல கிலோமீட்டர் தூரம் கிணறுகள் உவர்த்தன. பற்றாக்குறை ஆண்டுகளில் உழவர் பலர் தம் கிணற்று நீரை நகரத்துக்கு விற்றதும் உண்டு. நெல்லை விட நீர் கூடுதல் பணம் தருமாயின் விற்பவரைப் பழித்தல் நியாயமன்று. ஆனால் கிணறு உடையவருக்கு விலை கிடைத்தது. நாற்று நடவும் களை எடுக்கவும் வந்த கூலியாளருக்கு வேலை போயிற்று. கிணறு இல்லாத பக்கத்து நிலத்தாருக்கு நீர்மட்டம் போயிற்று. நீரை எடுப்பதற்குத் திட்டம் உண்டு; எடுத்த இடத்துக்கு ஈடு செய்வதற்கு எந்தப் படத்திலும் ஒரு வண்ணம் இல்லை.

இனித் தறியைப் பற்றி. நிலப் பயன்பாட்டு வரைபடம் குடியிருப்பு வேறு, தொழில் வேறு என்று பிரித்து வைப்பது. ஆலைப் புகையும் ஓசையும் வீட்டின் அருகே கூடாதென்ற நல்லெண்ணத்தில் பிறந்த பிரிவு அது. கைத்தறி நெசவாளியின் வீடோ வீடும் தொழிற்கூடமும் ஒன்றானது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்கூடத்தில் தறி, அதன் பின்னே அடுப்பங்கரை, திண்ணையில் நூல் சுற்றும் முதியவர். குழித்தறிக்குத் தரையிலே குழி வெட்டி மிதிகளை இறக்க வேண்டும். அதற்கு மண்ணோடு ஒட்டிய தளம் தேவை. இரண்டாம் மாடியிலே அழகிய வீடு கட்டிக் கொடுத்து நெசவாளர் குடியிருப்பு என்று பெயரிட்டால், அங்கே குடியிருக்கலாம். குழித்தறி போட இயலாது.

தெருவும் தறியின் ஒரு பகுதியே. ஆறு மீட்டர்ப் புடவை மூன்றுக்கு உரிய பாவு பதினெட்டு மீட்டருக்குக் குறையாது. அதைக் காலை வெயிலில் நேராக நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இழை பிரித்துச் சுருட்டுவதற்குத் திறந்த நீளமான இடம் வேண்டும். சேலம் முதலிய பகுதிகளில் இதற்கென்றே ஊர்ப்பொதுவில் விட்ட இடத்தைப் பாவடி என்பர். பகலெல்லாம் அங்கே ஒன்றும் இராது. நில அளவைக்கு வருபவர் நண்பகலில் வந்தால் அவர் காண்பது வெறும் மைதானம். அவர் குறிப்பது காலியிடம். காலியிடத்தில் அங்காடி கட்டலாம், பேருந்து நிறுத்தலாம், நீர்த்தொட்டி எழுப்பலாம். மறுநாள் விடியலில் பாவு நீட்ட வருபவர் எங்கே போவார் என்று வரைபடம் கேட்பதில்லை. நெற்களமும் மேய்க்காலும் இவ்வகையினவே. ஆண்டில் ஒரு மாதம் மட்டும் பயன்படும் களம் பதினோரு மாதம் வெற்றிடம்போல் தோன்றும்.

சாயப்பட்டறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இதில் நம்மவர் தரப்பே முழுதும் சரியென்று நாம் சாதிக்க மாட்டோம். சாயக் கழிவு கால்வாயில் சேர்ந்தால் கீழ் நிலத்து உழவர்க்கே கேடு. அவரும் நம் உறுப்பினரே. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தக்க இடத்தைத் திட்டத்திலேயே முன்கூட்டி ஒதுக்கிவிட்டால், பின்னால் பட்டறைகளைப் பூட்டவும் வழக்கு நடத்தவும் நேராது.

சந்தையின் இடமும் திட்டத்தால் முடிவாவதே. நெடுங்காலம் கொத்தவால் சாவடியில் நடந்த காய்கனி மொத்த வணிகத்தை நெரிசல் காரணமாக 1996-ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கு மாற்றினர். சந்துகளில் மாட்டு வண்டியும் பாரவண்டியும் முட்டி நின்ற இடத்தைவிடக் கோயம்பேடு எவ்வளவோ மேல் என்பதில் ஐயமில்லை. பெருநகரத் திட்டமிடுதல் விளைவிப்போர்க்கு நேரே நன்மை செய்த காரியங்களுள் இதனைத் தலையாயதென்று கூறலாம். ஆனால் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்ததன் இடர் 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்தது. கொள்ளை நோய் காரணமாக அங்காடியை மூடித் திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றியபோது, பறித்த காய்க்கு விலையின்றி வாடியவர் பலர். கோயம்பேட்டில் காய்கறி வணிகம் மீண்டும் தொடங்கியது செப்டம்பர் இறுதியில்தான். ஐந்து மடங்கு விரிந்த பெருநகரத்துக்கு ஒரே மொத்த அங்காடி போதாது. வடக்கே ஒன்றும் மேற்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, விளையும் இடத்துக்கு அணுக்கமாக அவற்றை அமைத்து, அருகே குளிர்காப்புக் கிடங்குக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பெரிய திட்டங்கள் வரும்போது முழுமைத் திட்டமே அவற்றின்பின் ஓடுவதும் உண்டு. 2022-இல் பரந்தூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தேவைப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் வயலும் உண்டு, நீர்நிலையும் உண்டு. ஏகனாபுரம் முதலிய ஊரார் அறிவிப்பு நாள் முதல் எதிர்ப்புக் காட்டி வந்தனர். நாட்டுக்கு விமான நிலையம் வேண்டுமா என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. இத்தகைய இடத்தேர்வுகள் மண்டலத் திட்டத்துக்குள்ளே, எல்லாரும் படத்தை விரித்துப் பார்த்து வாதிடும் நிலையில் நிகழ வேண்டும். ஒரு நாள் காலைச் செய்தித்தாளில் தம் ஊர்ப்பெயரைக் கண்டு ஊரார் திடுக்கிடும் நிலையில் அன்று.

இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அதன் இலக்காண்டு 2026. அவ்வாண்டில் பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 126 இலட்சம் மக்கள் வாழ்வர் என்று அது கணித்தது. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியையும், திருவான்மியூருக்குத் தெற்கே நிலத்தடி நீர் ஊறும் கடற்கரைப் பகுதியையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது அத்திட்டத்தின் நற்கூறுகளுள் ஒன்று. அதற்குப் பிந்திய இருபதாண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தின் ஆயத்தப் பணிகள் 2022 முதல் நடந்து வந்துள்ளன. காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர், மாமல்லபுரம், மீஞ்சூர், திருமழிசை ஆகியவற்றைத் துணைநகரங்களாக வளர்ப்பதென்றும் அவ்வாண்டிலேயே அறிவித்தனர். கோயம்புத்தூர், மதுரை, திருப்பூர், ஓசூர் ஆகிய நகரங்களுக்கும் இத்தகைய குழுமங்கள் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் 2022-இல் வந்ததே. ஆதலின் சென்னைக்குத் தொலைவில் வாழும் உறுப்பினர்களும் இதைப் பிறர் கதை என்று தள்ளிவிட இயலாது.

சட்டம் நமக்குக் கொடுத்துள்ள வாயில் எது என்பதை இனிக் கூறுவோம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, வரைவுத் திட்டம் தயாரானதும் அதைப் பற்றி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். படங்களை எங்கே பார்வையிடலாம் என்று அதிலே காட்ட வேண்டும். எவரும் எழுத்து மூலம் ஆட்சேபமும் யோசனையும் தரலாம். இதற்கு அளிக்கும் காலம் அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையலாகாது. நேரில் கேட்கப்பட வேண்டும் என்று விரும்புவோர் அதனையும் வேண்டுகோளாக எழுத வேண்டும். எழுதிக் கேட்டவர்க்கே அவ்வாய்ப்பு உண்டு. இது பலரும் அறியாத நுட்பம். மேலும், ஒருவருடைய நிலம் சாலைக்கோ பூங்காவுக்கோ என்று படத்தில் ஒதுக்கப்பட்டு, குறித்த காலத்துக்குள் அதைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால் அந்த ஒதுக்கீடு நீங்கியதாகக் கருதப்படும் என்று 38-ஆவது பிரிவு கூறுகிறது. சட்டத்தில் முதலில் எழுதப்பட்ட காலம் மூன்று ஆண்டு. ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதுமே அஞ்சி, தரகர் சொன்ன விலைக்கு நிலத்தை விற்றவர்கள் இப்பிரிவை அறிந்திருந்தால் சற்றுப் பொறுத்திருப்பர்.

இரண்டு மாதம் என்பது படம் வெளிவந்த பின் வேலையைத் தொடங்குவதற்குப் போதாது. முன்பே செய்து வைக்கத்தக்கவை சில உள. கிராம வரைபடத்தின் நகலையும், 'அ' பதிவேட்டின் பகுதியையும், ஏரி, கால்வாய், களம், பாவடி ஆகியவற்றின் புலப்படங்களையும் சங்கம் தன் செலவில் பெற்று வைக்கலாம். தனியொருவருக்கு இச்செலவு சுமை. முந்நூறு உறுப்பினர் உள்ள சங்கத்துக்கு அன்று. ஆயக்கட்டில் இன்றும் பயிராகும் புல எண்களை அடங்கலைக் கொண்டு பட்டியல் இடலாம். நெசவாளர் சங்கமாயின், எந்தத் தெருவில் எத்தனை தறி, அவற்றுள் குழித்தறி எத்தனை, பாவு நீட்டும் இடம் எது, அதன் நீள அகலம் என்ன என்று கணக்கெடுக்கலாம். பாவு நீட்டும் வேளையில் எடுத்த நிழற்படம் ஒன்றையும் உடன் வைப்பது நன்று. நண்பகலில் வந்து பார்த்தவர்க்கு அதுவே விடை. வாய்க்காலுக்கு ஊர் வழக்கில் உள்ள பெயரையும் எழுத வேண்டும். பெயர் இல்லாத வாய்க்கால் படத்தில் கோடாகக்கூட விழுவதில்லை.

ஆட்சேபத்தைத் தனித்தனிக் கடிதமாக அனுப்புவதோடு பேரவைக் கூட்டத்தின் தீர்மானமாகவும் அனுப்ப வேண்டும். அதில் பொதுவான குறைகளை விரித்தெழுதாமல், இந்தப் புல எண், இந்தப் பயன்பாடு, படத்தில் காட்டப்பட்டிருப்பது இது, காட்டப்பட வேண்டியது இது என்று ஒவ்வொன்றாக எழுதினால் படிப்பவர்க்கும் எளிது. மறுப்பதாயின் அவரும் ஒவ்வொன்றாகக் காரணம் காட்ட நேரும். உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒரே வட்டத்தில் இருக்குமிடத்து இருவரும் சேர்ந்து ஒரே வரைபடத்தில் தத்தம் இடங்களைக் குறித்து அனுப்புதல் சாலச் சிறந்தது. அனுப்பிய படியொன்றையும், பெற்றுக்கொண்ட அலுவலகத்தின் முத்திரையிட்ட ஒப்புகையையும் சங்கக் கோப்பில் வைத்து, அதன் எண்ணையும் நாளையும் அடுத்த பேரவைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.